மலையகப் பாடசாலைக்கு உலகக் கலைத்திட்டம்: எந்த வழி நமக்குப் பொருந்தும்?

"நமது பிள்ளைகளுக்கும் சர்வதேசக் கலைத்திட்டம் வேண்டும்" என்ற கோரிக்கை இலங்கை மலையகத்தின் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும் பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும் இப்போது அடிக்கடி எழுகிறது. கொழும்பில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் வரும் இளைஞர்கள், தாங்கள் வேலை செய்யும் வீடுகளிலும் கடைகளிலும் சர்வதேச பாடசாலைப் பிள்ளைகள் கூச்சமின்றிப் பேசுவதையும் துணிந்து கேள்வி கேட்பதையும் கண்டுவந்து, அந்தக் கல்வி நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்று கேட்கிறார்கள். ஹட்டன் கல்வி வலயத்தில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவரும் நான் அந்தக் கேள்வியை ஆடம்பர ஆசையாக எண்ணியதில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன; தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக, அவை அரச பொறுப்புக்குள் முழுமையாக வந்தன. ஒரு தலைமுறை பிந்தி அரச கல்விக்குள் நுழைந்த சமூகம், அடுத்த கதவும் தனக்குப் பிந்தியே திறக்கக்கூடாது என்று நினைப்பது நியாயமானது.

ஆனால் எந்தக் கதவு என்பதில்தான் தெளிவு வேண்டியிருக்கிறது. "உலகக் கலைத்திட்டம்" என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு வழிகள் பேசப்படுகின்றன. இன்டர்நெஷனல் பக்கலோரியா என்னும் ஐ.பி. திட்டம் ஒன்று, கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் என்னும் பிரித்தானியப் பரீட்சைகளுக்கான கல்வி இரண்டாவது, நமது தேசியக் கலைத்திட்டத்துக்குள்ளேயே இருமொழிக் கல்வி மூன்றாவது, இருக்கின்ற பாடங்களையே உலகத்தோடு தொடுத்து, கேள்வி எழுப்பி விடை தேடும் விசாரணை முறையில் கற்பிப்பது நான்காவது. நான் கண்டவற்றையும் அறிந்தவற்றையும் கொண்டு இவற்றை இங்கே எடைபோட முயல்கிறேன்.

முதலில், தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக ஒரு பாடசாலை மாவட்டம் தனக்கென வரி வருமானமும் தெரிவு செய்யப்பட்ட சபையும் உடையதாதலால், ஐ.பி. போன்ற திட்டத்தைத் தானே ஏற்றுக்கொள்ள முடிகிறது. நமது வலயங்கள் அப்படியல்ல. நுவரெலியா மாவட்டத்தின் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஆகிய ஐந்து வலயங்களும் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் இயங்குபவை. கலைத்திட்டத்தை வகுப்பது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். ஆகவே ஒரு வலயம் நாளைக் காலையில் தேசியக் கலைத்திட்டத்தைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட முடியாது. முதலிரண்டு வழிகளுக்கும் அமைச்சின் கொள்கை முடிவு வேண்டும், அல்லது அரச அமைப்புக்கு வெளியே தனியான பாடசாலை வேண்டும். பின்னிரண்டு வழிகளுக்கு அதிபரும் வலயக் கல்விப் பணிப்பாளரும் மனம் வைத்தால் பெரும்பகுதி போதும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே கூட்டங்களில் கைதட்டு வாங்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐ.பி. திட்டத்தின் சிறப்பை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். 1968 இல் ஜெனீவாவில் தொடங்கிய இந்த அமைப்பின் டிப்ளோமா, ஆறு பாடங்களோடு மூன்று பொது அம்சங்களையும் கட்டாயமாக்குகிறது: ஓர் அறிவு எவ்வாறு அறிவாகிறது என்று ஆராயும் அறிவுக் கோட்பாடு, மாணவர் தாமே தெரிந்தெடுத்த கேள்வியைப் பற்றி 4,000 சொற்களுக்கு மேற்படாமல் எழுதும் ஆய்வுக் கட்டுரை, படைப்பாற்றலும் உடற்செயற்பாடும் சேவையும் சேர்ந்த தொடர் வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் தலா 7 என 42 புள்ளிகள், பொது அம்சங்களுக்கு 3, மொத்தம் 45. கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்து பழகிய நமது உயர்தர மாணவர் ஒருவர், பதினேழு வயதில் தானே ஒரு கேள்வியை எழுப்பி அதற்குச் சான்று தேடி நீண்ட கட்டுரை எழுதுவாராயின், அவர் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் தடுமாற வேண்டியிராது.

வறிய பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று சொல்வோரும் உண்டு. அது தவறு. சிகாகோ நகரின் அரச பாடசாலைகள் 1997 இல் பதின்மூன்று உயர்நிலைப் பாடசாலைகளில் இந்த டிப்ளோமாவைத் தொடங்கின. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானமுள்ள கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, டிப்ளோமாவைப் பயின்றோர் தம்மையொத்த ஏனைய மாணவர்களைவிட நான்காண்டுக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு 40 வீதம் அதிகமாக இருந்தது. ஈக்வடோர் நாடு 2006 முதல் அரச பாடசாலைகளுக்கே இதைக் கொண்டுசென்றது. தோட்டத்து லயன் அறையிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைத் தாங்கும் மூளை இல்லை என்று யாரேனும் சொன்னால், சிகாகோவைக் காட்டி அவர் வாயை அடைக்கலாம்.

தடை பிள்ளையிடம் இல்லை. வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. டிப்ளோமாவின் பயிற்று மொழிகள் பிரதானமாக ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். சிகாகோப் பிள்ளைக்கு ஆங்கிலமும் ஈக்வடோர்ப் பிள்ளைக்கு ஸ்பானிஷும் நாளும் காதில் விழும் மொழிகள். நமது பிள்ளைக்கு ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே. ஜப்பான் அரசு இச்சிக்கலை உணர்ந்து, சில பாடங்களை ஜப்பானிய மொழியிலேயே கற்பிக்கும் இருமொழி டிப்ளோமாவை ஐ.பி. அமைப்போடு பேசி உருவாக்கிக்கொண்டது. அதற்கு ஓர் அரசின் பலமும் பணமும் பின்னால் இருந்தன. தமிழுக்கு அவ்வாறு பேசுவதற்கு ஒரு வலயத்தால் இயலாது.

இரண்டாவது தடை பணம். அனுமதி பெறும் முன்னான கட்டணம், பின்பு ஆண்டுக் கட்டணம், ஆசிரியர் பயிற்சிக் கட்டணம், மாணவர் பரீட்சைக் கட்டணம் எல்லாம் வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த வேண்டியவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறந்துவிடவில்லை. அன்று ஒரு பாடசாலை இத்திட்டத்தில் இருந்திருந்தால், மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற பெற்றோரிடம் இருமடங்கை நெருங்கிய கட்டணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டி வந்திருக்கும். கொடையாளர் ஒருவர் பொறுப்பேற்பார் என்பது போதுமான பதில் அல்ல. முன்பு சுவீடனின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. உதவிக் காலம் முடிந்த பின்னும் கல்லூரி நிற்கிறது, அங்கே பயின்ற ஆசிரியர்கள் வகுப்பறைகளில் நிற்கிறார்கள். ஆண்டுக் கட்டணமாகக் கட்டிய பணமோ, கட்டுவதை நிறுத்திய ஆண்டிலேயே தன் பயனை நிறுத்திவிடும்.

மூன்றாவது தடையே எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது. நமது நாட்டின் அரச பல்கலைக்கழகங்களுக்கான பொது அனுமதி, இலங்கை உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் தரப்புள்ளியை, அடிப்படையாகக் கொண்டது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய தரவரிசைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தக் குறைந்த வசதி மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. நமது பிள்ளை மருத்துவராகவோ பொறியியலாளராகவோ ஆவதற்கு, பணமின்றித் திறந்திருக்கும் ஒரே பெரிய வாசல் இதுதான். வெளிநாட்டுச் சான்றிதழைக் கையில் எடுக்கும் பிள்ளை இந்த வாசலுக்கு முதுகைத் திருப்புகிறது. அதன் பின் மீதமிருப்பவை கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும். முழுப் புலமைப்பரிசில் ஒருவருக்குக் கிடைக்கலாம். ஒரு வகுப்பு முழுவதற்கும் கிடைக்குமென்று எண்ணி ஒரு வலயம் திட்டமிடக்கூடாது.

கேம்பிரிட்ஜ், எடெக்செல் வழியைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மொழி, நாணயம், இசட் புள்ளி என்னும் மூன்று தடைகளும் இதற்கும் அப்படியே பொருந்துகின்றன. பாடம் பாடமாகத் தெரிந்தெடுத்துத் தோற்றலாம் என்பதும், ஆசிரியர் கையேடுகளும் பழைய வினாத்தாள்களும் எளிதாகக் கிடைக்கின்றன என்பதும் இதன் வசதிகள். ஆனால் உலக நோக்கு என்பது இதில் தானாக வந்துவிடுவதில்லை. ஒரு பரீட்சைக்குப் பதில் இன்னொரு பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்வதாகவே பல இடங்களில் முடிகிறது. நமக்கு அதற்காக இவ்வளவு விலை கொடுக்க வேண்டிய காரணத்தை நான் காணவில்லை.

இனி இருமொழிக் கல்வி. இதைப் பற்றித்தான் நமது கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. 2002 முதல் தரம் 6 இலிருந்து கணிதம், விஞ்ஞானம், புவியியல், குடியுரிமைக் கல்வி, சுகாதாரம் போன்ற சில பாடங்களை ஆங்கில மொழிமூலத்தில் கற்க அரச பாடசாலைகளுக்கு வழி திறந்திருக்கிறது. தமிழ், சமயம், வரலாறு ஆகியன தாய்மொழியிலேயே நிற்கின்றன. பாடநூல் அரசின் நூல், பரீட்சை அரசின் பரீட்சை, இசட் புள்ளியும் அதே வரிசையில். பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுவதால், தமிழில் உயர்தரம் எழுதி முதலாம் ஆண்டில் மொழியோடு மல்லுக்கட்டும் நமது பிள்ளைகளின் துயரத்தை இது முன்கூட்டியே தணிக்கிறது. உலகத்தை வாசிக்கும் மொழியையும் கொடுத்து, உள்ளூர் வாசலையும் அடைக்காமல் விடும் வழி இது ஒன்றே.

அப்படியிருந்தும் இதை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு பாடசாலையில், ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்பிக்க வல்ல ஓர் இளம் ஆசிரியரை நம்பித் தரம் 6 இல் இருமொழி வகுப்புத் தொடங்கினார்கள். பிள்ளைகள் ஆர்வத்தோடு சேர்ந்தனர்; பெற்றோர் தனிக் கொப்பிகள் வாங்கிக் கொடுத்தனர். வகுப்பு தரம் 8 க்கு வந்தபோது அந்த ஆசிரியருக்குத் தன் சொந்த ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது. அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தைப் பிரிந்து வாடகை அறையில் ஐந்தாறு ஆண்டுகள் இருந்தவர். பதிலுக்கு எவரும் வரவில்லை. சில மாதங்கள் காத்திருந்துவிட்டு, பிள்ளைகளைத் தமிழ் மொழிமூல வகுப்போடு சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு தவணைப் பரீட்சை முடிந்ததும் விஞ்ஞான ஆசிரியை ஒரு விடைத்தாளை ஓய்வறைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தாவரம் உணவு தயாரிக்கும் செயல்முறையின் பெயரைக் கேட்டிருந்த இடத்தில் "போட்டோசின்தெசிஸ்" என்று தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அடுத்த வினாவில் இலையின் குறுக்குவெட்டு முகத்தை அந்தப் பிள்ளை மிகச் சரியாக, நுணுக்கமாக வரைந்து, பகுதிகளைக் குறிக்கும் கோடுகளையும் இழுத்து, கோடுகளின் முனைகளை வெறுமையாக விட்டிருந்தது. ஒளித்தொகுப்பு, இலைவாய் என்ற சொற்கள் அதற்கு யாரும் சொல்லித் தராதவை. ஆங்கிலச் சொற்களை எழுதினால் புள்ளி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்த வெறும் கோடுகளை நான் இன்றுவரை மறக்கவில்லை. பிள்ளைக்கு விஞ்ஞானம் தெரிந்திருந்தது. இரண்டு மொழிக்கும் நடுவில் நாம்தான் அதைக் கைவிட்டுவிட்டோம்.

ஆகவே இருமொழிக் கல்வியின் உண்மையான விலை ஆசிரியர்தான். தமிழ் மொழிமூலத்தில் கற்பிக்கவே கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் போதாத பாடசாலைகள் நம்மிடம் இருக்கின்றன. ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்ந்து சொற்ப கொடுப்பனவில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களின் தோள்களில்தான் பல தோட்டப் பாடசாலைகள் நின்றன. இந்த நிலையில் பத்துப் பாடசாலைகளில் ஒரே நேரத்தில் இருமொழிப் பலகையைத் தொங்கவிடுவது பிள்ளைகளைப் பணயம் வைப்பதாகும்.

இருக்கின்ற பாடங்களையே உலகத்தோடு தொடுக்கும் நான்காவது வழிக்குப் பெயர்ப்பலகையே இல்லை. சான்றிதழும் இல்லை. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 4.7 ஆவது இலக்கு உலகக் குடியுரிமைக் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. யுனெஸ்கோவின் இணைப் பாடசாலை வலையமைப்பு 1953 இலிருந்தே இயங்கிவருகிறது. ஆனால் நமக்கு அவற்றைவிட அருகில் பொருள் இருக்கிறது. 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை வணிகப் பயிரான நாளிலிருந்து இந்த மலைகள் உலகச் சந்தையோடு கட்டுண்டவை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அந்தக் காயம் ஆறாதிருந்த சமூகத்தின் பிள்ளைக்கு, "குடிமகன்" என்ற சொல்லின் பாரத்தை வெளிநாட்டுப் பாடநூல் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருமுறை குடியுரிமைக் கல்வி ஆசிரியையும் கணித ஆசிரியரும் நானும் சேர்ந்து தரம் 9 இல் இரண்டு வாரங்கள் ஒரே பொருளைக் கற்பித்தோம். நகரத்துக் கடையிலிருந்து ஒரு தேயிலைப் பக்கற்றை வாங்கி மேசையில் வைத்து, அம்மா பறித்த கொழுந்து இதற்குள் எப்படி வந்தது என்று கேட்டோம். ஒரு முழுப் பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளம் பெற, எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அளவு குறைந்து அரைப்பேர் போட்ட நாளில் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. நான்கரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பனிடம் கேட்டு வந்தார்கள். இருபது கிலோவுக்கு எவ்வளவு தேயிலை என்று கணக்கிட்டு, பத்திரிகையில் வந்த கொழும்பு ஏல விலையால் பெருக்கி, அன்றைய நாட்சம்பளத்தைப் பக்கத்தில் எழுதினார்கள். உரம், விறகு, மின்சாரம், போக்குவரத்து என்று செலவுகளையும் கழித்துப் பார்க்கும்படி கணித ஆசிரியர் சொன்னார், அதையும் செய்தார்கள். பின்வரிசையில் வழக்கமாகப் பேசாத ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அப்ப இந்த வெலய யாரு வைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்கும், 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைப்பதற்கு 2021 டிசெம்பரில் ஈரானோடு செய்த ஒப்பந்தத்துக்கும், அதே ஆண்டின் இரசாயன உரத் தடைக்கும் போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் தமிழில் இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் எழுதினார்கள். ஐ.பி. ஆய்வுக் கட்டுரை எதிர்பார்ப்பதும் இதே ஒழுங்குதான்: சொந்தக் கேள்வி, சான்று, கணக்கு, எழுத்து. அதற்கு நாம் செலவிட்டது ஒரு தேயிலைப் பக்கற்றின் விலை.

இவ்வழியின் பலவீனத்தையும் மறைக்கக்கூடாது. ஓர் ஆசிரியர் போனால் இதுவும் போய்விடும். பரீட்சை இதை அளப்பதில்லை ஆதலால் தரம் 10, 11 வகுப்புகளில் நேரம் கிடைப்பது அரிது. எங்களாலும் அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளோடு அதைத் தொடர முடியவில்லை. மேலிடத்திலிருந்து உத்தரவாக இறக்கினால், பல நாட்டுக் கொடிகளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டி ஒரு நாள் விழாவாக முடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

எனது தீர்ப்பு, முதலிரண்டு வழிகளையும் வலயம் இப்போது நாடக்கூடாது என்பதும், மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதுமாகும். நான்காவது உடனடியாக, தரம் 6 முதல் 9 வரை, தவணைக்கு ஒரு பொருள் என்ற அளவில், பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளோடு இணைத்துத் தொடங்கப்படலாம். பொருளைத் தெரிவது பாடசாலையின் உரிமையாக இருக்கட்டும்: பொகவந்தலாவையில் அது தேயிலையாகலாம், நுவரெலியாவில் மரக்கறியின் விலையாகலாம், 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் சரிவுகளைக் கண்ட பதுளைப் பக்கத்தில் மண்ணும் காலநிலையுமாகலாம். இருமொழிக் கல்வியோ வலயத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடசாலைகளில் மட்டும் தொடங்கப்பட வேண்டும். உதவ முன்வரும் பழைய மாணவர்களின் பணம் வெளிநாட்டுக் கட்டணத்துக்குப் போகாமல், அந்தப் பாடசாலைகளில் ஆசிரியர் தங்கும் விடுதிக்கும், பத்தனையிலும் கொட்டகலையிலும் பயிலும் ஆசிரியர்களுக்கான மேலதிக ஆங்கிலப் பயிற்சிக்கும், ஆய்வுகூடத்துக்கும் போகட்டும். வசதியான விடுதி இருந்திருந்தால் அந்த இளம் ஆசிரியர் இன்னும் மூன்று ஆண்டுகளாவது இருந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

வகுப்புத் தொடங்குமுன் அதிபர் பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு தாளைக் காட்ட வேண்டும் என்று கேட்பேன். தரம் 6 முதல் 11 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும், ஆங்கிலத்தில் கற்பிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும், பொறுப்பாசிரியர் ஒருவர், அவர் போனால் ஏற்க இன்னொருவர் என இரண்டு பெயர்கள் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகள் தமிழ்க் கலைச்சொற்களை வாரந்தோறும் எழுதும் கொப்பிக்கான பாடவேளையும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாளில் ஓர் இடமேனும் வெறுமையாக இருந்தால், அந்த ஆண்டு வகுப்பைத் தொடங்க வேண்டாம் என்று பெற்றோர் எழுந்து சொல்ல வேண்டும்.